பாசிக்கு உரம் போடுவது யார்?

ஈப்போவில் உப்புநீர் மீன்தொட்டி வைப்பது கொஞ்சம் அடம்பிடித்த பொழுதுபோக்குதான். கடல் லுமுட்டில் இருக்கிறது. நாம் சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவில் இருக்கிறோம். இருந்தாலும் தாமான் வீடுகளின் முன்னறையில் கோமாளி மீன் நீந்துகிறது. சில மாதங்களில் தொட்டிப் பாறையெல்லாம் பச்சை முடியாக முளைத்துவிடுகிறது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால், அடுத்த வாரமே மறுபடி அதே பச்சை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ரப்பர் கன்று நடும் குழியில் பாறைப் பாஸ்பேட் போடுவார்கள். கிறிஸ்துமஸ் தீவிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்த உரம் அது. உரம் விழுந்த இடத்தில் கன்றும் வளரும், புல்லும் வளரும். ஒரு கையால் உரம் தூவிக்கொண்டு மறு கையால் புல் வெட்டினால் வேலை என்றைக்கு முடியும்? தொட்டியிலும் நடப்பது இதுதான். பாசிக்குத் தேவை வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். இந்தச் சத்து எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கு முன் முளைத்திருப்பது என்ன என்று பாருங்கள். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் மணல்மேல் படியும் பழுப்புத் தூள் டயாட்டம். நீரில் உள்ள சிலிக்கேட்டைத் தின்று, அது தீர்ந்ததும் தானாகக் குறையும், பதற வேண்டாம். கருஞ்சிவப்பாக, தோல்போல உரிந்து வருவது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நீரோட்டம் படாத மூலைகளை அது விரும்பும். உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டத்தைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். பச்சை முடிப்பாசிதான் பிடிவாதக்காரன்.

இப்போது தண்ணீர். குழாய்த் தண்ணீர் நாம் குடிக்கச் சுத்திகரித்தது, பவளத்துக்காக அல்ல. அதில் சிலிக்கேட், கொஞ்சம் நைட்ரேட், பாஸ்பேட் இருக்கலாம். பழைய தோட்டங்களின் பக்கம் குடியிருந்து கிணற்று நீர் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக உரம் விழுந்த மண்ணில் ஊறிய நீர் கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தெரிந்தாலும் நைட்ரேட்டைச் சுமந்து வரக்கூடும். லுமுட், தெலுக் பாத்திக் கரையில் ட்ரம்மில் அள்ளி வரும் கடல்நீரும் அப்படித்தான். மலாக்கா நீரிணையின் இந்தக் கரையோரத்துக்கு ஆறுகள் செம்பனைத் தோட்டத்து உரத்தையும் ஊர்க் கழிவையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. மழைக்குப் பின் அள்ளவே வேண்டாம்.

நம் ஊர் வெக்கை இந்தத் தண்ணீர்ச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. அறை 30 டிகிரியைத் தாண்டும். பவளத்துக்கோ 25 முதல் 27 வரை இருந்தால் நல்லது. சில்லர் விலை அதிகம் என்பதால் நீர்ப்பரப்பின்மேல் காற்றாடி வைக்கிறோம். அது நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. ஆவியாகிப் போவது வெறும் நீர். கரைந்தவை தொட்டியிலேயே தங்கும். குறைந்த நீரைத் தினமும் குழாயிலிருந்து ஊற்றினால், ஒவ்வொரு குவளையும் கொஞ்சம் சிலிக்கேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்துவிட்டுப் போகிறது. ஆர்.ஓ. வடிகட்டி, அதன் கடைசியில் அயனி நீக்கும் பிசின் உருளை, டி.டி.எஸ். மீட்டரில் 0: உப்பு கலக்கவும் ஆவியானதை ஈடுகட்டவும் இந்த நீர்தான். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம் இருந்தால் அது இங்கேதான் என்பது என் கருத்து.

அடுத்தது கல். கடைக் கல்லின் விலையைப் பார்த்துவிட்டு மலையடிவாரத்தில் சுண்ணாம்புக் கல் பொறுக்கப் போகிறவர்கள் உண்டு. நம் கின்டா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கல்லில் பெரும்பகுதி பளிங்காக இறுகியது. பவளக் கல்லைப்போல நுண்துளை கிடையாது, நல்ல பாக்டீரியாவுக்கு இடமும் குறைவு. குகைப் பக்கத்துக் கல்லில் வௌவால் எச்சம் ஊறியிருந்தால் நேரடியாகப் பாஸ்பேட்டையே வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

பொதுவாகவே கால்சியம் கார்பனேட் கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரில் அளவு குறைந்ததும் திருப்பி விடும். இரும்பு ஆக்சைடு குருணை போட்டுப் பாஸ்பேட்டை இறக்கினால் சில நாளில் மீண்டும் ஏறுவது இதனால்தான். குருணை கெட்டுப்போகவில்லை, கல் காலியாகிக்கொண்டிருக்கிறது. சில மாதம் பிடிக்கும்.

அதேபோல, பாசி மண்டியிருக்கும்போது சோதனையில் பாஸ்பேட் 0 காட்டினால் நம்பாதீர்கள். நீரில் இல்லாதது பாசியின் உடம்பில் இருக்கிறது.

உணவில் ஒன்றுதான்: குறைவாகப் போடுங்கள். உறைந்த உணவை உருக்கி அலசுவதைப் பற்றி ஆளாளுக்குப் பெரிதாகப் பேசுகிறார்கள். அலசுவதால் கிடைக்கும் லாபம் சிறிது. அளவைக் குறைப்பதால் கிடைப்பதே பெரிது. வருகிற விருந்தாளிகளெல்லாம் மீனுக்கு ஒரு பிடி போடுவதையும் நிறுத்துங்கள்.

வருவதை அடைத்தால் போதாது, இருப்பதை வெளியேற்றவும் வேண்டும். வாரம் 10 விழுக்காடு நீர் மாற்றம், ஸ்கிம்மர் இரண்டும் தெரிந்தவை. சுவையான வழி பாசியையே வேலைக்கு வைப்பது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி 1980களில் வலைத்தட்டின்மேல் நீரை ஓடவிட்டு, விளக்குப் போட்டு, அங்கே பாசி வளரவைத்துச் சுரண்டி எடுத்தார். சுரண்டிய பாசியோடு சத்தும் வெளியேறியது. வீட்டில் அடித்தொட்டியில் கீட்டோ பாசியை வளர்த்து, இரவில் விளக்கெரித்து, வாராவாரம் ஒரு கைப்பிடி எடுத்தாலும் அதே பலன்.

மேய்கிற உயிர்களும் தேவை. 1983இல் பனாமா அருகே தொடங்கிய ஒரு கொள்ளைநோய் கரீபியன் கடலில் பாசியை மேய்ந்துவந்த கறுப்புக் கடல் முள்ளெலிகளில் (sea urchin) 90 விழுக்காட்டுக்கு மேல் கொன்றது. ஜமைக்காவின் பவளத்திட்டுகள் பாசிக்காடாயின. டர்போ, டுரோக்கஸ் நத்தைகள் நம் தொட்டிக்குப் போதும். ஓரா மீன் நன்றாக மேயும், ஆனால் பெரிதாக வளரும். சின்னத் தொட்டியில் போட்டுப் பாவம் தேடிக்கொள்ள வேண்டாம். நீண்ட முடியை முதலில் கையால் பிடுங்குங்கள்; நத்தைக்குப் பிடித்தது குட்டை முளைதான்.

விளக்கு நாளுக்கு 8 மணி நேரம் போதும். சன்னல் வெயில் தொட்டியில் விழக்கூடாது.

ஆர்வக்கோளாறில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் துடைத்து 0 ஆக்கிவிடாதீர்கள். அந்த வெற்றிடத்தில்தான் டைனோபிளாஜெல்லேட் வரும்: சளிபோலப் பழுப்பாக, குமிழி கோத்து, பகலில் பெருத்து இரவில் குறையும். அதைத் தின்று நத்தைகள் சாவதும் உண்டு. லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். கடையில் விற்கும் பாசிக்கொல்லி மருந்தைக் கடைசிக்கு வையுங்கள். ஒரே நாளில் செத்த பாசி அழுகி, ஆக்சிஜனைத் தின்று, சத்தைத் திரும்ப நீரிலேயே கொட்டும்.

எடுத்த பாசியை, குறிப்பாகக் காலர்ப்பா வகையை, காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சித்தியவான், லுமுட் பக்கம் இருப்பவர்கள் வடிகாலில் விடவே கூடாது. 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில் சிறு திட்டாகக் கண்டெடுக்கப்பட்ட காலர்ப்பா, பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது.