கம்பெனி மூடிய பிறகும் ஓடிய இன்ஜின்!

பழைய டீசல் இன்ஜின் கிளம்பும்போது மேலே குபுகுபுன்னு கரும்புகை வருமே, பார்த்திருக்கீங்களா? அநேகமாக அது 'ஆல்கோ' வகை இன்ஜின்தான். எரிபொருள் உடனே உள்ளே போய்விடும். ஆனால் காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகமெடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். காற்று பத்தாததால்தான் அந்தப் புகை!

ஆல்கோ (அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி) 1901-ல் எட்டு கம்பெனிகள் சேர்ந்து உருவானது. முக்கியத் தொழிற்சாலை இருந்த ஊர் ஸ்கெனெக்டடி (சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கும்!). நீராவி இன்ஜினில் அவர்கள் பெரிய ராஜா. உலகப் புகழ் பெற்ற 'பிக் பாய்' ராட்சத இன்ஜின்கள் 25-ஐயும் கட்டியது அவர்கள்தான்.

டீசலிலும் அவர்கள் பின்தங்கி இல்லை. 1925-லேயே வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து டீசல் ரயில் இன்ஜின் விற்றார்கள். டீசல் ரயில் இன்ஜினில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. அது ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களைச் சுற்றும்.

அப்புறம் ஏன் தோற்றார்கள்? நீராவியை அவர்களால் சட்டுன்னு விட முடியவில்லை. கடைசி நீராவி இன்ஜினைக் கட்டியதே 1948-ல்தான். அதற்குள் ஜெனரல் மோட்டார்ஸ் டீசலில் வெகுதூரம் போய்விட்டது. அவசரமாகக் கொண்டுவந்த '244' இன்ஜின் அடிக்கடி பழுதானது. நல்ல '251' இன்ஜின் 1950-களில் வந்தபோது வாடிக்கையாளர் பலர் கைமாறிப் போயிருந்தார்கள். இதுவரை மின்கருவிகள் கொடுத்துவந்த கூட்டாளி ஜெனரல் எலக்ட்ரிக்கும் 1960-ல் போட்டிக்கு வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இதுதான் பெரிய அடி. 1969-ல் ஸ்கெனெக்டடி தொழிற்சாலை மூடப்பட்டது. பாவம், அங்கே வேலை பார்த்தவர்கள்!

ஆனால் '251' சாகவில்லை. இந்தியா ஆல்கோவோடு ஒப்பந்தம் போட்டு, வாரணாசியில் தொழிற்சாலை அமைத்தது. அங்கே கட்டிய முதல் இன்ஜினை 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன்! பெயர் டபிள்யூ.டி.எம்-2. தாய்க் கம்பெனி போன பிறகும் இந்த வகையில் ஆயிரக்கணக்கில் இங்கே கட்டினார்கள். நம்ம பக்கம் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்.டி.எம்-4 இதன் தம்பி. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலைக் கொண்டுபோனதும் அதுதான்.

இன்னொன்று தெரியுமா? நிலாவுக்குப் போன ராக்கெட்டை ஏவுதளத்துக்குச் சுமந்துபோன நாசாவின் ராட்சத வண்டியில் இருந்ததும் இதே '251' தான்!

1995-ல் வாரணாசி புதிய தொழில்நுட்பத்துக்கு ஒப்பந்தம் போட்டது. யாரோடு? ஆல்கோவைத் தோற்கடித்த அதே ஜெனரல் மோட்டார்ஸோடு! ஆனாலும் அதற்குப் பிறகு பல வருஷம் ஆல்கோ வகையையும் கூடவே கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.