பழைய கணனிக்குப் புதிய விண்டோஸ்: பிரட்டு மாறினால் என்ன நடக்கும்?

தோட்டத்திலும் சரி, பூவரசங்குளம் போல வவுனியாப் பக்கத்து ஊர்களிலும் சரி, பல வீடுகளில் இருப்பது பாவித்த கணனிதான். அதற்குள் பிள்ளையின் பாடம் மட்டுமா இருக்கு? ஈ.பி.எஃப். தாள்களின் படம், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிடைத்த பிரஜாவுரிமைப் பத்திரத்தின் படம், இறந்துபோன அம்மா அப்பாவின் கலியாணப் படம், எல்லாம் அதற்குள்தான்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்தன. கணனி நின்றுவிடவில்லை, ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்கும் வேலை நின்றது. அதனால் "விண்டோஸ் 11 போட்டுத் தாங்க" என்று பழைய கணனியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் "நோ பூட் டிவைஸ்" என்று வருது. எல்லாம் அழிஞ்சு போச்சோ என்று வயிறு கலங்குது. அவசரப்படாதீங்க. பல நேரம் எதுவும் அழியவில்லை, பிரட்டுதான் மாறிப்போயிருக்கும்.

பிரட்டு எடுப்பது யார்?

காலையில் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்து, இன்னார் இந்த மலைக்கு என்று அனுப்புகிறார் இல்லையா? கணனியிலும் அப்படித்தான். சுவிட்ச் போட்டதும் முதலில் எழும்புவது விண்டோஸ் இல்லை. மதர்போட்டில் இருக்கும் ஒரு சின்னப் புரோகிராம் எழும்பி, மெமரி இருக்கா, கீபோட் இருக்கா, டிஸ்க் வந்திருக்கா என்று பார்க்கும். பிறகு ஒரு டிஸ்க்கைக் கூப்பிட்டு, வேலையை அதனிடம் ஒப்படைக்கும். இதைத்தான் பூட் ஆவது என்கிறோம். 1981இல் வந்த ஐ.பி.எம். கணனியில் இந்த வேலையைச் செய்தது பயோஸ். இப்போதைய கணனிகளில் செய்வது யு.இ.எஃப்.ஐ.

இரண்டு பேரும் பார்க்கும் செக்ரோலும் வேறு வேறு. பயோஸ் முறையில் போட்ட விண்டோஸ் எம்.பி.ஆர். என்ற பழைய பதிவில் இருக்கும். யு.இ.எஃப்.ஐ. முறையில் போட்டது ஜி.பி.டி. என்ற புதிய பதிவில் இருக்கும். விண்டோஸ் 11 கேட்பது யு.இ.எஃப்.ஐ., செக்கியூர் பூட் வசதி, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. ஆகவே கணக்கப்பிள்ளையும் மாறணும், செக்ரோலும் மாறணும். ஒன்றை மட்டும் மாற்றினால் டிஸ்க் களத்தில் நின்றாலும் அதன் பேர் விழாது.

எங்கே பிழைக்கும்?

முதலாவது, செட்டிங்கை லெகசியிலிருந்து யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்றிவிட்டு, டிஸ்க்கை எம்.பி.ஆரிலேயே விட்டுவிடுவது. பழையபடி லெகசிக்குத் திருப்பினால் கணனி பெரும்பாலும் எழும்பிவிடும். டிஸ்க்கையும் மாற்றுவதென்றால், விண்டோஸ் 10இல் 2017 முதல் "எம்.பி.ஆர். டு ஜி.பி.டி." என்ற கருவி இருக்கு. அது உள்ளே இருப்பதை அழிக்காமலே மாற்றும். முதலில் பிரதி எடுக்கணும், அடுத்து டிஸ்க்கை மாற்றணும், கடைசியில்தான் செட்டிங்கை மாற்றணும். இந்த வரிசை தப்பக் கூடாது.

இரண்டாவது, சாட்டா செட்டிங். ஐ.டி.இ. என்று இருந்ததை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடலாம். பழையபடி வைத்தால் திரும்ப எழும்பும்.

மூன்றாவது, மதர்போட்டில் இருக்கும் காசு போன்ற சின்ன பெட்டரி. பெரும்பாலும் சீ.ஆர். 2032. கரண்ட் இல்லாத நேரம் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய கணனியில் செட்டிங்கைக் காப்பதும் அதுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்படி நேரத்தில் முழுப் பாரமும் அதன் தலையில்தான். அது செத்தால் திகதி பின்னுக்குப் போகும், மாற்றிய செட்டிங்கும் கலையும். கணனி பழுது என்று முடிவு கட்டும் முன் இந்தப் பெட்டரியை மாற்றிப் பாருங்க.

நான்காவது, பிட்லொக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், பூட் செட்டிங்கை மாற்றியதும் 48 இலக்கச் சாவி கேட்கக்கூடும். அது இல்லையென்றால் படங்களைப் பார்க்க முடியாது. ஆகவே சாவியை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துவிட்டு, பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே செட்டிங்கில் கை வைக்கணும்.

கடைக்குப் போகும் முன்

படங்களையும் பத்திரங்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்க. அசல் பத்திரங்களை எக்காரணத்துக்கும் வீச வேண்டாம். பயோஸ் திரைகளைப் போனில் படம் பிடியுங்க. என்ன மாறினாலும் பழையபடி வைக்க அதுவே வழி. "டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டு, பதில் தெரிந்த பிறகே கணனியைக் கொடுங்க.

புரொசசரையும் பாருங்க. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு அனுமதி. அதற்கு முந்தியதில் வம்பாகப் போட்டால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் இல்லை. அப்படிப்பட்ட கணனிக்குக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடலாம். பிள்ளை எழுதவும் படிக்கவும் அது போதும். அதைப் போடும்போதும் டிஸ்க் அழியலாம் என்பதால், அங்கேயும் முதல் வேலை பிரதி எடுப்பதுதான்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் கணனிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்க. கறுப்புத் திரை வந்தால் முதலில் செட்டிங்கைப் பாருங்க. ஃபோர்மட் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.