தேய்மானமா, குறைபாடா? படகு இன்ஜினின் மிச்ச ஆயுளும் மீனவர் உரிமையும்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டிலுள்ள லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில், முகத்துவாரத்தில் அலை மடியும் இடத்தில் இன்ஜின் நின்றுபோனால் ஃபைபர் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழக்கூடும் என்பதால், ஓர் உதிரிபாகம் இன்னும் எவ்வளவு உழைக்கும் என்பது உயிர் சார்ந்த கணக்கு. ‘எஞ்சிய பயன்பாட்டு ஆயுள்’ எனப்படும் இக்கணக்கு, ஒரு பாகம் தன் வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய இயலாத நிலையை எட்டும்வரை மீதமிருக்கும் ஓட்ட நேரத்தைக் குறிக்கிறது. ஓடாமல் கிடந்தாலும் கெட்டுப்போகும் ரப்பர் பாகங்கள் நீங்கலாக, வாங்கிய தேதியை மட்டும் வைத்து இதை அளப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

இக்கணிப்பு எதுவும் உத்தரவாதம் அன்று. பந்து பேரிங்குகளுக்குக் குறிக்கப்படும் அடிப்படை ஆயுள், ஒரே நிலையில் ஓடும் பேரிங்குகளில் 90 விழுக்காடு எட்டிவிடும் எல்லையே ஆகையால், பத்தில் ஒன்று அதற்கு முன்பே போய்விடலாம். சுமை இருமடங்கானால் அந்த ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அவுட்போர்டு இன்ஜினில் தேய்மானத்தைக் கண்ணாலேயே காணலாம். ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் கடல்நீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விக்க, அந்நீரில் ஒரு பகுதி சிறு துளை வழியே மெல்லிய தாரையாக வெளியே பீச்சுகிறது; தூர்ந்த முகத்துவாரத்தில் மணல் கலந்த நீரை இழுக்க இழுக்க இதழ்கள் தேய்ந்து, தாரை மெலிந்து, முடிவில் இன்ஜின் சூடேறி நின்றுபோகும். வடித்தெடுத்த கியர் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால், சீல் பழுதாகி நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

பாகம் காலத்துக்கு முன்பே உடையும்போது விற்றவர் தேய்மானம் என்பார், வாங்கியவர் குறைபாடு என்பார். பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் படகுக்கு இன்ஜின் வாங்கியவரும் நுகர்வோரே என்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தெளிவாகவே ஏற்கிறது. குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கும், போதிய எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ தராமல் விட்டதற்கும் தயாரிப்பாளரை அது பொறுப்பாக்குகிறது. ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்பனையாளர் மீதான பொறுப்புக் கோரிக்கை நிற்காது என்பதால், உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளும் மாற்றங்களுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963 இன்னும் கறாரானது: பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை சாதாரணத் தேய்மானத்துக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்லர்.

எனவே வழக்கின் உயிர்நிலை சான்றில் இருக்கிறது. ஓடிய மணி, ஆயில் மாற்றிய நாள், மாற்றிய பாகம் ஆகியவற்றைக் குறித்த ஒரு நோட்டும், ரசீதும், உத்தரவாத அட்டையும், உடைந்த பாகமும் சேர்ந்தால்தான் வாதம் நிற்கும். சோதித்தாலன்றிக் குறைபாடு தெரியாத நிலையில் அப்பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டாகையால், அதைப் பழைய இரும்புக்குப் போடுவதோ எழுத்துச் சான்றின்றிக் கடைக்காரரிடம் ஒப்படைப்பதோ பெரும் இழப்பு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிடில், வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.