விடியலைப் பிடிக்கலாமா?

கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? சூரியன் வருமுன்பே கடற்கரையில் கூட்டம் கூடிவிடும். எல்லார் கையிலும் கேமரா, மொபைல். 'பளிச் பளிச்' என்று பிளாஷ் வேறு! கடலுக்குள் பாறை மீது நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை எட்ட அந்த பிளாஷுக்கு ஏது சக்தி? அதன் வெளிச்சம் சில மீட்டர்தான் போகும். முன்னால் நிற்பவரின் முதுகுதான் படத்தில் பளபளக்கும்.

நானும் ஏமாந்தவன்தான். பிலிம் கேமரா காலம். 36 படங்களையும் எடுத்துத் தள்ளினேன். ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தால், பாதி கறுப்பு; மீதியில் வள்ளுவர் ஆடிக்கொண்டிருந்தார்! அந்த விடியல் போனது போனதுதான்.

கேமராவுக்குள் வெளிச்சத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு. லென்ஸின் துவாரத்தைப் பெரிதாக்கலாம். இதுதான் அபெர்ச்சர். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். அல்லது, ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டி, கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டச் சொல்லலாம்.

ஒரு கணக்குப் போடுவோமா? சூரிய உதயத்துக்குக் கால்மணி நேரம் முன்பு, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் ஒரு நொடி என்று தொடங்கிப் பார்க்கலாம். ஆனால், ஒரு நொடி ஆடாமல் பிடிக்க யாராலும் முடியாது! ஸ்டாண்ட் இல்லையே, என்ன செய்வது? எஃப் 4 வைத்தால் நான்கு மடங்கு வெளிச்சம். (எண் சிறிதானால் துவாரம் பெரிது, முதலில் எனக்கும் இது குழப்பம்தான்!) ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தால் 16 மடங்கு. 4 x 16 = 64. எனவே, ஷட்டருக்கு நொடியில் 60ல் ஒரு பங்கு போதும். கையிலேயே எடுத்துவிடலாம்.

இனாமாகக் கிடைக்குமா? படத்தில் ரவை தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். அதனால், சுவர் மேல் கேமராவை வைத்து, 'டைமர்' போட்டு, ஐ.எஸ்.ஓ. 100ல் ஒரு நொடி எடுப்பதே என் கட்சி. அலைகூடப் பால்போல் வழுவழுப்பாக விழும்.

இன்னொரு வேடிக்கை. விடியல் என்றால் என்னவென்று கேமராவுக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கவே பார்க்கும். அதனால், இருண்ட கடல் பட்டப்பகல்போல் வெளுத்துப்போகும். 'மைனஸ் 1' வைத்தால் செவ்வானம் திரும்பி வரும். மொபைலில், திரையில் வானத்தைத் தொட்டு, சூரியப் படத்தைக் கீழே இழுங்கள்.

மேகமில்லாத நாளில், சில நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் இரு மடங்காகும். எனவே, ஒரே அளவை நம்பி உட்காராமல், ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள். சூரியன் எழும்பியதும், கேமராவின் கண்ணாடித் துளை வழியே அதைப் பார்க்கவே கூடாது. ஜூம் லென்ஸ் கண்ணைச் சுட்டுவிடும். அப்போது திரையை மட்டும் பாருங்கள்!