காத்து சொன்னாத்தான் கிளம்பணும் பாஸ்!

எங்க காலேஜ் கேன்டீனுக்குப் பின்னால் ஒரு வேப்ப மரம், அதைச் சுற்றி ஒரு சிமென்ட் மேடை. அந்த மேடையில்தான், போன மாசம் இன்டர்னல்ஸ் முடிந்த அன்றைக்கு அந்த எக்செல் ஷீட் பிறந்தது.

'ஞாயிறு - மெகானிசி. திங்கள் - இத்தாகா. செவ்வாய் - கெஃபலோனியா. புதன் - ஸாகிந்தோஸ்...' மத்தியதரைக் கடலில் கிரேக்கத் தீவுகளை, செமஸ்டர் டைம்டேபிள் மாதிரி கட்டம் கட்டிப் பிரித்து வைத்திருந்தோம். மொத்தம் ஆறு பேர். ஒரு பாய்மரப் படகு. ஒரு வாரம்.

"பஸ்ல ஊட்டி போகவே பட்ஜெட் பத்தல, இதுல கிரீஸா?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நாளைக்கே போகப் போவதில்லை பாஸ். எல்லோருக்கும் வேலை கிடைத்து, ரெண்டு வருஷம் மாசாமாசம் சம்பளத்தில் ஒரு தொகை எடுத்து வைத்து, ஆளுக்கொரு ஊராகச் சிதறிப் போன பிறகு ஒரே படகில் மறுபடி ஏற வேண்டும். அதுதான் திட்டம். 'கண்டிப்பா மீட் பண்றோம் மச்சி' என்று ஆட்டோகிராஃபில் எழுதிய சீனியர்கள் யாரும் மீட் பண்ணவில்லை. அதனால் நாங்கள் ஷீட்டோடு இறங்கினோம்.

அந்த ஷீட்டை முதலில் காட்டியது, ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பெரியம்மா பையனிடம். ஆபீஸ் நண்பர்களோடு அதே கடலில் ஒரு வாரம் படகில் சுற்றியவன் அவன். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"டேய் தம்பி, இதுல காத்து எங்கடா இருக்கு?"

எங்களுக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். அவர்கள் போட்ட பிளானும் அச்சு அசலாக எங்களுடையதுதான். லெஃப்கடா தீவில் படகை எடுத்து, அப்படியே தெற்கே இறங்கி, ஸாகிந்தோஸ் தீவின் நவாஜியோ கடற்கரை வரை போவது. வெள்ளைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே துருப்பிடித்த கப்பல் ஒன்று மணலில் கிடக்குமே, போஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள். 1980-ல் தரை தட்டிய 'பனாகியோட்டிஸ்' என்ற சரக்குக் கப்பல் அது.

போகும்போது செம ஜாலி. காற்று முதுகில். பாயை விரித்துவிட்டு பாட்டுக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். அங்கே போனால், பாறை சரியும் அபாயம் என்று கரையில் இறங்கத் தடை! தூரத்தில் நின்று ஒரு போட்டோ. அதோடு சரி. அப்புறம் படகைத் திருப்பினால்... அதே காற்று இப்போது முகத்தில்.

இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளை வேலை செய்ய வேண்டும். பாய்மரப் படகால் காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. சுமார் 45 டிகிரி விலகித்தான் போக முடியும். கொஞ்ச தூரம் வலது பக்கமாக, கொஞ்ச தூரம் இடது பக்கமாக என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 டிகிரி என்றால் தூரம் ரூட் 2 மடங்கு, அதாவது 1.41. நவாஜியோவிலிருந்து லெஃப்கடா 60 கடல் மைலுக்குக் குறையாது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் அந்த 60 மைல் சுமார் 85 மைல் ஆகிவிடும். வாடகைப் படகின் வேகம் மணிக்கு 5 கடல் மைல் என்று வைத்தால்கூட 17 மணி நேரம்! நம்ம டவுன் பஸ்ஸே இதைவிட வேகமாகப் போகும்.

பாயைச் சுருட்டிவிட்டு டீசல் இன்ஜினைப் போட்டிருக்கிறார்கள். அப்படியும் படகு அலையில் ஏறி ஏறி விழுந்து, அடுப்படியில் இருந்த பாத்திரமெல்லாம் உருண்டு, நாலு பேருக்கு வாந்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒப்படைக்க வேண்டிய படகை நடுராத்திரியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். "ஒரு போட்டோக்காக ரெண்டு நாள் போச்சுடா" என்றான்.

அவன் போனை வைத்ததும் எங்கள் ஷீட்டில் ஸாகிந்தோஸ் கட்டத்தை அழித்தோம். பிறகு முழு ஷீட்டையும் அழித்தோம்.

அடுத்த ரெண்டு வாரம், வரைபடமும் காற்றுமாகத்தான் கழிந்தது. படித்ததில் ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. கிரீஸ் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது சான்டோரினி. வெள்ளை வீடு, நீலக் குவிமாடம். எங்க கேங்கின் இ.சி.இ. பொண்ணு "சான்டோரினி இல்லாத கிரீஸ் ட்ரிப்பா?" என்று சண்டைக்கே வந்தாள். ஆனால் அது கிரீஸுக்குக் கிழக்கே ஏஜியன் கடலில் இருக்கிறது. அங்கே ஜூலை, ஆகஸ்ட்டில் 'மெல்டெமி' என்ற வடக்குக் காற்று அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு மேகம்கூட இருக்காது, ஆனால் காற்று மட்டும் நாள்கணக்கில் வெறிபிடித்த மாதிரி வீசும். பியூஃபோர்ட் அளவில் 5, 6, 7 எல்லாம் சர்வ சாதாரணம். ரொம்பவும் எகிறினால் பெரிய ஃபெர்ரி கப்பல்களையே துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். நீச்சல் தெரியாத ரெண்டு பேரை வைத்துக்கொண்டு அந்தக் கடலிலா? (நீச்சல் தெரியாதவர்களில் ஒருத்தி அந்த இ.சி.இ. பொண்ணேதான்!)

மேற்குப் பக்கம் இருப்பது அயோனியன் கடல். லெஃப்கடா, மெகானிசி, இத்தாகா, கெஃபலோனியா எல்லாம் இங்கேதான். கோடையில் இங்கே காற்று கிட்டத்தட்ட ஆபீஸ் டைமிங் மாதிரி. காலையில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து 'மாயிஸ்ட்ரோ' எழும்பும். சூரியன் மறையும்போது அதுவும் அடங்கிவிடும். தீவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பெரிய அலையும் குறைவு. புதியவர்களுக்கு ஏற்ற இடம் என்று இதைச் சொல்வது இதனால்தான்.

காற்றுக்குப் பேர் வைப்பது அவர்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை. நம்ம கடற்கரை ஊர்களில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று மீனவர்கள் சொல்வதில்லையா? ஏதென்ஸ் நகரில் 2,000 வருஷத்துக்கும் மேல் பழைய எண்கோணக் கோபுரம் ஒன்று இருக்கிறது. எட்டு பக்கத்திலும் எட்டு காற்றுத் தெய்வங்கள். பெயரே 'காற்றுகளின் கோபுரம்'. எங்க கேங்கில் பெரிய சாமி பக்தனான மெக்கானிக்கல்காரன், "கெளம்புற அன்னைக்கு அங்க ஒரு தேங்காய் உடைச்சிடலாம்" என்கிறான்.

காற்று விஷயத்தில் இத்தாகாவுக்கு ஒரு பழைய சோகமும் உண்டு. ஹோமரின் 'ஒடிஸி' நாயகன் ஒடிஸியஸின் ஊர் இத்தாகா. காற்றுகளின் காவலன் ஏயோலஸ், பாதகமான காற்றையெல்லாம் ஒரு தோல் பையில் கட்டி அவனிடம் கொடுக்கிறான். பத்தாவது நாள் சொந்த ஊர் கண்ணுக்கே தெரிகிறது. ஒடிஸியஸ் அசந்து தூங்கிவிட, 'உள்ளே தங்கம் இருக்கும்' என்று கூட்டாளிகள் பையை அவிழ்க்க, மொத்தக் கப்பலும் வந்த வழியே திரும்பப் போய்விட்டது. அண்ணன் கதைக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் இல்லை!

சரி, படகை யார் ஓட்டுவது? இதில்தான் எங்கள் கெத்து கொஞ்சம் இறங்கியது. கிரீஸில் ஆள் இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டுமானால், ஓட்டுகிறவரிடம் முறையான பாய்மரப் படகு உரிமம் இருக்க வேண்டும். கூடவே விஷயம் தெரிந்த இன்னொருவரும் வேண்டும். எங்களிடம் இருப்பது டூவீலர் லைசென்ஸ். ஆக, ஸ்கிப்பரை அமர்த்தியே ஆக வேண்டும். அவருக்குச் சம்பளம் தனி, சாப்பாடு நம் செலவு, தூங்க ஒரு இடமும் நம்ம படகில்தான். எட்டு பேர் படுக்கிற படகு எடுத்தால்தான் ஆறு பேரும் அவரும் கொஞ்சமாவது காலை நீட்ட முடியும்.

பல படகுகள் ஒன்றாகக் கிளம்பி, முன்னால் ஒரு வழிகாட்டிப் படகு போகிற முறையும் உண்டு. 'ஃப்ளோட்டில்லா' என்கிறார்கள். ஆனால் அதிலும் உங்கள் படகை ஓட்டத் தெரிந்த ஆள் உங்களிடம் இருந்தாக வேண்டும். சென்னையில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பற்றி அன்றைக்குத்தான் எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. ரெண்டு வருஷம் இருக்கே, பாய் கட்டவாவது இங்கேயே கற்றுக்கொள்வோம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்த மாசம் போவது என்பதில் ஒரு சிக்கல். ஜூலை, ஆகஸ்ட்டில் வாடகையும் உச்சம், கூட்டமும் உச்சம். சின்னத் துறைமுகங்களில் மதியமே இடம் தீர்ந்துவிடும். ஆனால் காற்று வருவதே மதியத்துக்கு மேல்தானே? இடத்தைப் பிடிக்கப் போனால் காற்று போச்சு, காற்றைப் பிடிக்கப் போனால் இடம் போச்சு. இந்தத் தலைவலி மே, ஜூன், செப்டம்பரில் குறைவு. செப்டம்பரில் கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று அதை டிக் அடித்தோம். பிறகுதான் 2020 செப்டம்பரில் 'இயானோஸ்' புயல் அடித்தது தெரிந்தது. கெஃபலோனியா, இத்தாகா பக்கம் துறைமுகத்தில் கட்டி வைத்திருந்த படகுகளே மூழ்கியிருக்கின்றன. அது அபூர்வம்தான். ஆனாலும் வீட்டில் யாராவது இதைப் படித்துவிட்டால் பாஸ்போர்ட்டே கைக்கு வராது. ஜூன் என்று முடிவு செய்தோம்.

விசா ஷெங்கன். கிளம்புவதற்கு ஆறு மாசம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூனில் கட்டணத்தை 90 யூரோ ஆக்கினார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஒரு உஷார் தகவல்... ஏஜியன் பக்கம் போகிறவர்கள், 'அதோ தெரியுதே துருக்கி, எட்டிப் பார்த்துட்டு வரலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். துருக்கி ஷெங்கனில் இல்லை. ஒருமுறை மட்டும் நுழைகிற விசாவை வைத்திருந்தால் திரும்பி உள்ளே வர முடியாது!

லக்கேஜில் சக்கர சூட்கேஸ் நோ நோ. படகில் அதை வைக்க இடமே கிடையாது, மடித்துச் சுருட்டுகிற துணிப் பைதான். டாய்லெட்டில் பேப்பர் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதைப் பிரித்துச் சரி செய்வதுதான் உலகத்திலேயே மோசமான லேப் எக்ஸாம் என்றான் அண்ணன். தண்ணீர் டாங்கில் சில நூறு லிட்டர்தான் இருக்கும், எங்க ஹாஸ்டல்வாசிகளுக்கு அது பழக்கம். சாப்பாட்டுக்குக் கரையோரச் சாப்பாட்டுக் கடைகள், பெயர் 'டவெர்னா'. அங்கே சாப்பிட்டால் படகு கட்டக் காசு வாங்காத கடைகளும் இந்தப் பக்கம் உண்டு. எங்களில் ஒருவன் சுத்த சைவம். அவனுக்கு ஃபெட்டா சீஸ் போட்ட சாலட், கீரை வைத்த பஃப்ஸ் மாதிரி 'ஸ்பனகோபிடா', தக்காளியில் வேகவைத்த பெரிய அவரை விதை. ஏழு நாள் தாங்குவான்.

இப்போது புது ஷீட். இதை மேலிருந்து கீழே எழுதவில்லை, கீழிருந்து மேலே எழுதினோம். படகு வாடகை பெரும்பாலும் சனி மாலை முதல் அடுத்த சனி காலை வரை. அதனால் முதலில் நிரப்பியது கடைசி வெள்ளி. அன்று சாயங்காலம் டீசல் நிரப்பி லெஃப்கடாவில் நிற்க வேண்டும். அப்படியானால் வியாழன் ராத்திரி பக்கத்தில், லெஃப்கடாவின் தென்கோடியில் இருக்கும் சிவோடாவில். அதற்கு 11 மைல் தெற்கே கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ, அது செவ்வாய். அதற்கு முன்னால் திங்கள், இத்தாகாவின் கியோனி. ஞாயிறு மெகானிசி. ஒரு நாளைக்கு 10, 15 மைலுக்கு மேல் எங்கேயும் இல்லை.

புதன்கிழமை காலி. அதற்குத்தான் பெரிய சண்டை. எங்க சிவில்காரன், கலாமோஸ் தீவின் போர்ட் லியோனி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜனங்கள் விட்டுப்போன ஊர் அது. அதே நிலநடுக்கத்தில் கெஃபலோனியாவின் பெரும்பகுதி தரைமட்டமானபோது, பெரிய சேதம் இல்லாமல் தப்பித்தது ஃபிஸ்கார்டோ. "ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பார்க்கணும்டா, எங்க டிபார்ட்மென்டுக்கே பாடம் அது" என்றான். நியாயம்தான். ஆனால் கலாமோஸிலிருந்து திரும்பும் திசை, மாயிஸ்ட்ரோ வருகிற அதே வடமேற்கு. ஒரு மணி நேரம் கத்திய பிறகு, 'புதன் காலை வானிலை பார்த்து ஸ்கிப்பர் சரி என்றால் மட்டும்' என்று எழுதினோம். அவன் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

நேற்று ஷீட்டை அண்ணனுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது.

"புதன்கிழமைய ஏன்டா காலியா விட்டிருக்கீங்க?"

"அது காத்துக்கு அண்ணா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்...

"எட்டு பேர் படகுதானே? ஸ்கிப்பரோட சேர்த்து ஏழு பேர்தானே ஆகுது? அந்த எட்டாவது பெட்டுக்கு ஆள் இருக்காடா?"