களஞ்சியங்கள் ஒன்றாதலும் பொதிகள் மறைதலும்

லினக்ஸ் என்னும் கணிப்பொறி அமைப்பு ஒருவரே ஆக்கி விற்கும் பண்டமன்று. பலர் தனித்தனியே இயற்றிய மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று இயைவித்து வழங்கும் குழுக்கள் பல உள. அக்குழுக்கள் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்டிக் களஞ்சியத்தில் வைக்கின்றன. நம் கணிப்பொறியிலுள்ள பொதிமேலாளர் என்னும் நிரல் அக்களஞ்சியத்தின் பட்டியலை நோக்கி, வேண்டியவற்றைக் கொணர்ந்து நிறுவும். எக்களஞ்சியங்களை நாடவேண்டும் என்பதோ நம் கணிப்பொறியிலேயே ஓர் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

களஞ்சியங்களை ஒன்றாக்குதல் புதுவதன்று. ஃபெடோரா குழுவினர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏழாம் பதிப்பில் கோர், எக்ஸ்ட்ராஸ் என்னும் இரண்டையும் ஒன்றாக்கினர். ஆர்ச் லினக்ஸ் குழுவினர் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் கம்யூனிட்டி என்னும் களஞ்சியத்தை எக்ஸ்ட்ராவுடன் இணைத்தனர். சோதனைப் பொதிகளுக்குரிய டெஸ்டிங் என்பதையோ கோர்-டெஸ்டிங், எக்ஸ்ட்ரா-டெஸ்டிங் என இரண்டாகப் பகுத்தனர்.

இங்கே ஓர் ஐயம் எழும். குழுவினர் மாற்றியதை நம் கோப்பு அறியாதது ஏன்? நாம் திருத்திய கோப்பை அழித்து எழுதுதல் முறையன்று என்பது பொதிமேலாளரின் நெறி. ஆதலின் அது புதிய கோப்பைப் பேக்நியூ என்னும் ஈற்றுடன் பழையதன் அருகே வைத்துவிட்டு அமையும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துதல் உடையவன் கடன்.

எக்ஸ்ட்ரா முன்னரே கோப்பில் இருந்தமையால் பெரும்பாலோர்க்கு இடர் நேரவில்லை. மேலும், எவர் அமைப்பும் குலையலாகாது என்று கருதி, பழைய களஞ்சியங்களை வெறுமையாகவே குழுவினர் விட்டுவைத்தனர். இவ்வருளிலும் ஒரு தீங்கு மறைந்திருந்தது. டெஸ்டிங் என்னும் பழைய பெயரையே வைத்திருந்தவனுக்குப் பிழைச்செய்தி யாதும் வரவில்லை. சோதனைப் பொதிகளும் வரவில்லை. வெறுங்களஞ்சியத்தை நாள்தோறும் நாடி, எல்லாம் நலமென்று அவன் எண்ணியிருத்தல் கூடும். 2025ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில் அக்களஞ்சியங்கள் நீக்கப்பட்டபின், அவற்றைக் குறிக்கும் கோப்புகள் பிழை காட்டலாயின. அப்பிழை தொல்லையன்று, காலந்தாழ்த்து வந்த உண்மை.

காணாத பொதிகள் யாவும் இடம்பெயர்ந்தவை என்று கொள்ளுதலும் தவறு. பேணுவாரின்றிக் களஞ்சியத்தினின்றும் நீக்கப்பெறுவனவும் உண்டு. அவை நம் கணிப்பொறியில் முன்போலவே இயங்கும். ஆயினும் குழுவினரிடமிருந்து அவற்றிற்குத் திருத்தம் வாராது. பாதுகாப்புக் குறை பின்னர் வெளிப்படினும் அது அடைபடாமலே கிடக்கும்.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. முதலாவது, அமைப்புக் கோப்பில் பழைய பெயர்களை நீக்கிப் புதியன எழுதுக. இரண்டாவது, பட்டியலைப் புதுப்பித்து, அதனுடனேயே அமைப்பு முழுவதையும் புதுப்பிக்க. ஒரு பொதியை மட்டும் புதுப்பித்தல் ஏனையவற்றோடு இயைபு கெடுக்கும். மூன்றாவது, எக்களஞ்சியத்திற்கும் உரியதல்லாத பொதிகள் எவையெனப் பொதிமேலாளரையே வினவி, ஒவ்வொன்றையும் வைத்திருப்பதோ விடுப்பதோ எனத் தெளிக.

பிழைச்செய்தி இல்லாமை ஒன்றையே நலத்திற்குச் சான்றாகக் கொள்ளாது, நாடும் இடத்தில் பொருள் உளதா என்று இடையிடையே நோக்குதல் கணிப்பொறி உடையார் யாவர்க்கும் கடமையாம்.