ஒருவருக்குள் பலர் எப்படி?

'அந்நியன்' (2005) படம் பார்த்தவர்களுக்குப் பன்முக ஆளுமை என்பது ஒருவருக்குள் மூவர் குடியிருக்கும் நோய். உண்மையில், ஒருவர் முழுதாக உருவாகாமல் போவதே இதன் வேர் என்று தோன்றுகிறது. பிறக்கும்போதே ஒருங்கிணைந்த 'நான்' இருப்பதில்லை. பசி, பயம், பாசம் எனச் சிதறிக் கிடக்கும் நிலைகள் பெரியவர்களின் அரவணைப்பில்தான் மெல்லப் பிணைகின்றன. அடிப்பவரே சோறும் போடுபவரானால், இரு நினைவுகளையும் ஒருசேரத் தாங்கச் சிறுபிள்ளையால் முடியாது. பிரித்து வைத்தால்தான் பிழைக்கலாம். அமெரிக்காவில் 1986இல் பிராங்க் புட்னம் குழு வெளியிட்ட ஆய்வில், 100 நோயாளிகளில் 97 பேர் சிறுவயதுக் கொடுமையைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

நோயாளியின் வாய்மொழியை எப்படி நம்புவது என்று ஐயவாதிகள் கேட்பது நியாயம்தான். 1973இல் இந்நோயாளி ஒருவரைப் பற்றிய 'சிபில்' நூல் வந்தபின் அமெரிக்காவில் இந்நோய் கண்டறியப்பட்டோர் பெருகினர்; ஹிப்னாடிசம் செய்து துருவிய சிகிச்சையாளர்கள் சிலர் பொய் நினைவுகளையும் விதைத்தார்கள். ஆனால் 2012இல் சிமோன் ரெய்ண்டர்ஸ் குழு, கற்பனை வளம் மிக்கவர்களை இந்நோயாளிகளைப்போல் நடிக்கச் சொல்லிச் சோதித்தபோது, மூளையின் ரத்த ஓட்டமும் இதயத்துடிப்பும் நோயாளிகளுடையதைப் போல மாறவில்லை. கலாசாரம் நோய்க்கு வேஷம் கட்டலாம். வெறும் நடிப்பென்று ஒதுக்க இந்தச் சான்று இடம் தரவில்லை.

சிகிச்சை, சினிமா காட்டுவதுபோல ஓர் ஆளுமையை விரட்டுவதல்ல. இதற்கென்று தனி மருந்தும் இல்லை. மனச்சோர்வு, தூக்கமின்மைக்குத்தான் மாத்திரை. பல ஆண்டு நீளும் பேச்சுவழிச் சிகிச்சையில் முதலில் பாதுகாப்பு, பிறகே பழைய நினைவுகள், கடைசியில் இணைப்பு. முழு இணைப்பு எல்லோருக்கும் கைகூடுவதில்லை. ஆளுமைப் பகுதிகள் ஒத்துழைத்தாலே பலரால் வேலைக்குப் போய்வர முடிகிறது.